சுறுமா போட்ட பொம்மை மீன்கள்

தூண்டில் சாமான் விற்கிறவருக்கு மீனைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை, வாங்க வந்த மனிசர் சொல்லி முடிக்கும் வரை சிரிக்காமல் இருக்கத் தெரிந்தால் போதும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் என் கணவர். சூறாவளி அடித்துப்போன அடுத்த வருசம் அது. கூரை ஓடு மாற்ற ஏறி விழுந்து, இடது காலை முறித்துக்கொண்டு, முறிவு வைத்தியர் கட்டிவிட்ட மூங்கில் பத்தையோடு கட்டிலில் மல்லாக்கக் கிடந்தபடி சொன்னார். கல்முனையில் எங்கள் வீட்டு முன் அறையில்தான் கடை. பிள்ளைகள் நாலு பேரும் பள்ளிக்கூடம் போகிற வயசு. கடையில் இருக்க வேறு ஆள் கிடையாது. அன்றைக்கு வரைக்கும் நான் தூண்டில் தடியைத் தொட்டதெல்லாம் கூட்டும்போது ஒதுக்கி வைக்கத்தான்.

எங்கள் ஊர் கடலைப் பார்த்த ஊர். கடல் மீன் காலையில் வாசலுக்கே வரும். ஆனாலும் குளத்து விராலுக்கும் ஆற்றுக் கொடுவாவுக்கும் பைத்தியம் பிடித்த ஆட்கள் இல்லாமல் இல்லை. என் கணவர் இளவயதில் மேற்கே பெரிய குளத்தில் வள்ளம் ஓட்டினவர். அங்கே மீன் பிடிக்க வந்த இஞ்சினியர்மாரோடு இருந்து, எந்தத் தண்ணிக்கு எந்தத் தடி, எந்த நூல் என்றெல்லாம் பழகினவர். வெளிநாட்டுச் சாமான் தாராளமாக இறங்கத் தொடங்கின நேரம் கொழும்புக்குப் போய் ஒரு பெட்டி நிறையப் பிளாஸ்டிக் மீனும் றப்பர் தவளையும் தகடும் வாங்கி வந்தார். அவற்றுக்குள்ளே கொக்கி இருக்கும். எறிந்து இழுத்தால் உயிர் உள்ளது போல நெளியும். புழு வேண்டாம். ஊரில் எல்லாரும் அதைப் பொம்மை மீன் என்றார்கள்.

காக்கா என்று நான் கூப்பிடுகிற என் மூத்த அண்ணனுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. காக்கா நெல் ஆலை வைத்திருந்தார். என் கலியாணத்துக்கு இந்த வீட்டின் முன் அறையைக் கட்டித் தந்தவரும் அவர்தான், அதனால் அந்த அறையில் அவருக்கு ஒரு சொல் இருந்தது. என் கணவர் விழுந்த மறுகிழமை வந்து, கட்டில் தலைமாட்டில் நின்றுகொண்டே சொன்னார்: "மச்சான், பொம்ம வித்துப் பிழைச்ச ஆக்கள நான் காணல்ல. இந்த அறைய நெல்லுப் போடத் தாங்க. எழும்பி நடந்தா நம்மட ஆலையில காவலுக்கு நில்லுங்க." இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. "காக்கா, கொஞ்சம் பொறுங்க, கடைய நான் பாக்கன்" என்றேன். காக்கா என்னை ஒருமுறை பார்த்தார். "அப்ப ஒண்டு செய் புள்ள. இந்தப் பொம்மையால ஒரே ஒரு விரால் பிடிபடுறத என்ட கண்ணால காணணும். சிறுபோக நெல்லு வெட்டு முடியிற மட்டும் தவணை. மறுகா இந்த அறையில நெல்லு மூட்டை இறங்கும்."

வீட்டோடு கடை வைத்துக் காலம் தள்ளின சகோதரிகளே, அந்த மாதங்களை உங்களைத் தவிர வேறு ஆருக்குச் சொல்ல?

திரை அகலம்

கடை மேசைக்கு மேலே என் பழைய சேலையைத் திரையாகக் கட்டினேன். நான் திரைக்கு உள்ளே, வாங்க வருகிறவர் வெளியே; எல்லாருக்கும் நான் ராத்தா, அதாவது அக்கா. எனக்குப் பின்னால் பலகைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் இவருடைய கட்டில். வந்தவர் கேட்பார், நான் சுவருக்குச் சொல்வேன், சுவர் பதில் சொல்லும், அதை நான் திரைக்குச் சொல்வேன். ஒரு கொக்கி விற்கத் தொண்டை வறண்டுவிடும்.

தடி கொடுக்க முதல், எவ்வளவு பெரிய மீனுக்கு என்று கேட்க வேண்டும் என்பது இவர் சொல்லித் தந்த முதல் பாடம். கேட்டால் ஆண்கள் வாயால் சொல்வதில்லை, கையால்தான் சொல்வார்கள். திரை மறைக்கிறதே! அதனால் இரண்டு கையையும் திரையின் இரண்டு ஓரத்தாலும் உள்ளே நீட்டி, "இந்தா, இவ்வளவு" என்பார்கள். எனக்கு இடது ஓரத்தில் ஒரு கை தெரியும், வலது ஓரத்தில் ஒரு கை தெரியும். முதல் கிழமை வந்த அத்தனை பேருடைய மீனும் சரியாக என் சேலைத் திரையின் அகலம்! நானும் நம்பி, ஆள் ஆளுக்குக் கொடுவாத் தடியாக எடுத்துக் கொடுத்தேன். பின்னால் இருந்து இவர், "இந்த ஊர்க் குளத்தில அவ்வளவு நீளத்துக்கு முதலைதான் கா இரிக்கி, கேட்டுப் பாரு" என்றார். கேட்டேன். வெளியே நின்றவர் இரண்டு கையையும் இழுத்துக்கொண்டு சொன்னார்: "திரையக் கொஞ்சம் ஒடுக்கிக் கட்டினீங்க எண்டா ராத்தா, மீனும் அளவா வரும்."

எத்தனை றாத்தல் நூல்

தூண்டில் நூலை நாங்கள் தங்கூசி என்போம். நைலோன் நூல், எத்தனை றாத்தல் பாரம் தாங்கும் என்று சுருளில் எழுதியிருக்கும். மெல்லிய நூல் தூரம் போகும், ஆனால் ஆம்பல் கொடியில் சிக்கினால் அறும். மொத்த நூல் அறாது, ஆனால் பொம்மை நெளிகிற மாதிரி நெளியாது. தெளிந்த தண்ணிக்கு மெல்லிசு, கொடி மண்டின இடத்துக்கு மொத்தம். இதையெல்லாம் நான் பாடமாக்கி வைத்திருந்தேன், யாசீன் சூறா பாடமாக்கினதற்கு அடுத்தபடியாக நான் அக்கறையாகப் பாடமாக்கினது இதுதான்.

நற்பிட்டிமுனையில் இருந்து ஆதம்பாவா என்று ஒரு தச்சர் வந்தார். நல்ல மனிசர், எதையும் அளந்து செய்கிறவர். பன்னிரண்டு றாத்தல் நூலைக் கொடுத்தேன். அவர் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ட வாய்க்கால்ல இரிக்கிற விரால் மூணு றாத்தலுக்கு மேல வராதே ராத்தா. மிச்ச ஒம்பது றாத்தலும் சும்மா போறதா?" என்றார். விரால் துள்ளும், கொடியைச் சுற்றும், இழுக்கிற பாரம் வேறு, நிறுக்கிற பாரம் வேறு என்று சுவர் விளக்கியது, நானும் விளக்கினேன். அவர் மரத்தை அளவுக்கு மிஞ்சி வெட்டிப் பழகாதவர். அப்படியென்றால் மூன்று றாத்தல் நூல் தரட்டுமா என்று கேட்டேன். அதற்கும் தயக்கம். ஒருவேளை மூன்றரையாக இருந்தால்? கடைசியில் சுருளை மேசையில் பவுத்திரமாக வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் போய் மீனப் பிடிச்சு நிறுத்திட்டு வாறன், மறுகா நீங்க நூலத் தாங்க."

தடியின் நுனி

தடி வாங்குகிறவர் கைபிடிக்கிற அடிக்குத்தியைத்தான் பிடித்துப் பார்ப்பார், கடைக்காரர் நுனியைத்தான் பார்க்க வேண்டும் என்பது இவருடைய இரண்டாம் பாடம். நுனி மெத்தென்று வளைந்தால் சின்னப் பொம்மையைத் தூர எறியலாம். விரால் கொடிக்குள் ஓடிப் புகுகிற மீன், அதைப் பிடுங்கி எடுக்க நுனி விறைப்பாக வேண்டும், தடியும் குட்டையாக வேண்டும்.

இஸ்மாலெவ்வை என்று ஒரு புடைவைக் கடைக்காரர் ஒருநாள் காலை முழுக்க நின்றார். குட்டைத் தடியைக் கொடுத்தால் நீளம் காணாது என்றார். இருப்பதில் நீளமானதைக் கொடுத்தேன், அதைவிட நீளம் கேட்டார். மழைக்கு உக்குமா என்றார். காற்றுக்கு முறியுமா என்றார். காகம் இருந்தால் தாங்குமா என்றார். அதுவரைக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த சுவர் இந்த இடத்தில் பொறுக்காமல், "காகமா? இவர் எந்தக் குளத்துக்குப் போறார் எண்டு கேளு கா!" என்று கத்தியது. கேட்டேன். இஸ்மாலெவ்வைக்குக் கோபம் வந்துவிட்டது. "குளமோ? நான் ஏன் குளத்துக்குப் போறன்? றேடியோ இரையுது, கம்பி கட்டிக் கூரையில நாட்டத்தான் தடி!"

பந்தலில் தகடு

பொம்மைகளுக்குள்ளே தகடு என்று ஒரு வகை. கரண்டியின் தலையைப் போல வளைந்து, வெள்ளி மாதிரி மினுங்கும். தண்ணிக்குள் சுழன்றால் சின்ன மீன் புரள்வது போல இருக்கும். காலை வெயிலுக்கு அதைப் போல இன்னொன்று இல்லை என்பார் இவர். மூன்று மாதமாக ஒரு தகடும் போகவில்லை. ஒருநாள் ஒரு பெண் வந்து, திரைக்குள்ளேயே என்னருகில் வந்து இருந்து, இருந்த தகடு முழுவதையும் கேட்டாள். நான் தட்டோடு எடுத்து அவள் மடியில் வைத்தேன். பொம்பிளைகளும் மீன் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள், இதில் ஒன்றிலாவது விரால் மாட்டும், காக்காவின் வாயை அடைக்கலாம் என்று மனசுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

அவள் வீட்டில் கலியாணமாம். மணவறைக்கு மேலே கட்டுகிற வெள்ளைச் சீலையில் வரிசையாகத் தொங்கவிடப் போகிறாளாம், பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்துக்கு நன்றாக மினுங்குமாம். என் முகம் விழுந்ததை அவள் பார்த்திருக்க வேண்டும், என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "கொக்கிய மட்டும் கழட்டித் தாங்க ராத்தா, மாப்பிள்ளட உம்மாட தலையில கொழுவினா சம்பந்தமே முறிஞ்சிரும்."

பொய் சொல்கிற மீன்

பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்த பெரியவர் ஒருவருக்கு இரண்டு மாதமாக ஒரே சந்தேகம். புழுவைக் கோத்துப் போட்டால் மீனுக்குச் சாப்பாடு கொடுக்கிறோம். பிளாஸ்டிக்கைப் போட்டால் மீனை ஏமாற்றுகிறோம். ஏமாற்றுவது பாவமில்லையா? அவர் இதைச் சொல்லிவிட்டுப் போனதும் எனக்கும் கலக்கம் பிடித்துக்கொண்டது. நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவள், குர்ஆன் ஓதத் தெரியும், அதற்கு மேல் மார்க்கச் சட்டம் தெரியாது. இந்தக் கடைச் சோற்றைத் தின்று வளர்கிற பிள்ளைகளை நினைத்துப் பார்த்தேன். தொழுகைப் பாயில் இருந்து அழுதேன் என்றுகூடச் சொல்லலாம்.

மூத்த மகளை அனுப்பி மௌலவியிடம் கேட்கச் சொன்னேன். மௌலவி ஆற அமரக் கேட்டாராம். அவரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் கிட்டங்கி ஆற்றுப் பக்கம் தூண்டில் போடுகிறவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். மகள் திரும்பி வந்து அவர் சொன்னதை அப்படியே ஒப்புவித்தாள்: "புழுவுக்குள்ள ஊசிய ஒளிச்சு வைக்கிறது மட்டும் என்ன, விராலுக்கு எழுதிக் குடுத்தா செய்றம் எண்டு உம்மாக்கிட்டக் கேளு."

நாற்பது சோடிக் கண்

அந்தச் சந்தேகம் தீர்ந்தது. இன்னொன்று இருந்தது. அதை ஆரிடமும் கேட்க எனக்கு வெட்கம். பொம்மை மீன் தட்டு மேற்குச் சுவரில் இருந்தது. நான் தொழுவதும் அந்தச் சுவரைப் பார்த்துத்தான். தக்பீர் கட்டினால் நாற்பது மீனும் என்னையே பார்க்கும். வட்ட வட்டமாக வெள்ளைக் கண், நடுவே கறுப்பு. உருவம் இருக்கிற அறையில் தொழக் கூடாது என்பார்களே என்று ஒரு பக்கம், எத்தனை றக்அத் தொழுதேன் என்பது மறந்துபோகிறதே என்று மறுபக்கம். தட்டின் மேல் துணி போட்டு மூடினேன். வாங்க வந்தவர்கள் துணியை நீக்கச் சொல்ல, திரும்ப மூட மறந்துபோகும். ஒருநாள் பகல் லுஹருக்கும் பின்னேர அஸருக்கும் இடையில், பிஸ்மி சொல்லி, மரக்கறி நறுக்குகிற கத்தியால் நாற்பது சோடிக் கண்ணையும் சுரண்டிவிட்டேன். அன்றைக்கு அஸர் தொழுகை அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அடுத்த மாதம் முழுக்க முறைப்பாடு. எறிந்த ஒருவருக்கும் ஒரு மீனும் கொத்தவில்லை, வாங்கின பொம்மையைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். வெட்டுக்கு நாள் நெருங்குகிறது. இவர் கட்டிலில் கிடந்து தலையைப் பிய்த்துக்கொண்டார். தண்ணி கலங்கலா, வெயில் கூடவா, நூல் மொத்தமா? ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில், "அந்த மஞ்சள் மீன் ஒண்டக் கொண்டா பாப்பம்" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "இதுட கண் எங்க?" பொய் சொல்ல வாய் வரவில்லை, சொல்லிவிட்டேன். ஏசுவார் என்று நினைத்தேன். கட்டில் ஆடுகிற அளவுக்குச் சிரித்து, கால் வலித்து, "யா அல்லாஹ்" என்று முனகி, மறுபடி சிரித்தார். பொதுவாக விரால் கண்ணைக் குறிவைத்துத்தான் பாயுமாம். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தலை எது, வால் எது எண்டு விளங்காம அதுவும் நிண்டு யோசிச்சுப் போட்டுப் போயிரிக்கும், பாவம்."

சுறுமா

தொழுகைப் பாயைக் குசினிக்கு மாற்றினேன். அதை முதல் நாளே செய்திருந்தால் நாற்பது மீன் குருடாகாமல் இருந்திருக்கும். கண்ணைத் திருப்பி வைப்பது எப்படி? வீட்டில் பெயின்ற் கிடையாது. வெற்றிலைத் தட்டில் சுண்ணாம்பு இருந்தது, வெள்ளைக்கு அது. கறுப்புக்கு, ஹஜ்ஜுக்குப் போய் வந்த மாமி கொண்டுவந்து தந்த சுறுமா இருந்தது. பிள்ளைகளின் கண்ணுக்குப் போடுகிற சுறுமாவைக் குச்சியால் தொட்டு, மீன்களுக்கு ஒன்றொன்றாகப் போட்டேன். என் கை பழகின கை, ஓரத்தில் லேசாக இழுத்துவிடுகிற பழக்கமும் வந்துவிட்டது. பெருநாளைக்கு உடுத்து நிற்கிற பிள்ளைகள் மாதிரி நாற்பதும் தட்டில் வரிசையாக நின்றன. எனக்கே பெருமை.

ஐந்து பேர் வாங்கிப் போனார்கள். மறுநாள் காலையில் அதில் ஒருவர், தபால் கந்தோரில் வேலை செய்கிறவர், வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தினார். திரைக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு மரணச் செய்தி சொல்ல வந்தவர் போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ராத்தா, கோவிக்கப்படா. உங்கட மீன் தண்ணிக்குள்ள போனதும் கறுப்புக் கண்ணீர் வடிச்சு அழுகுது."

கமலா ரீச்சரின் சிவப்பு

தண்ணியில் கரையாத பூச்சு நகத்துக்குப் பூசுகிற பூச்சுத்தான் என்றார் இவர். பூசினால் தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற ஒளு நிறைவேறாது என்பதால் அது எங்கள் வீட்டில் இல்லை, எங்கள் தெருவிலேயே இருந்திருக்காது. என் மூத்த மகளின் ரீச்சர் கமலா பாண்டிருப்பில் இருந்து வருகிறவர். அவரிடம் கேட்டுவிட மகளுக்கு வெட்கம், நானே கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். "மீன்களுக்குக் கண் வைக்க நகப்பூச்சு தேவைப்படுகிறது" என்று எழுதினதை வாசித்து ரீச்சர் என்ன நினைத்தாரோ, பின்னேரம் தானே வந்துவிட்டார்.

அவரிடம் இருந்தது சிவப்பு ஒன்றுதான். சிவப்புக் கண் என்றால் கோபமாகத் தெரியுமே என்று நான் தயங்கினேன். "கோவமாத் தெரிஞ்சா இன்னும் நல்லம், சண்டைக்கு வந்தாவது கொத்தும்" என்றது சுவர். ரீச்சர் பாயில் அமர்ந்து, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அழுது திரும்பி வந்த ஐந்தோடும் சேர்த்து நாற்பது சோடிக் கண்ணும் வைத்தார். ஒவ்வொன்றையும் ஊதி ஊதிக் காயவைத்தார். நான் தேத்தண்ணியும் சீனி வாழைப்பழமும் வைத்தேன். கடைசி மீனை வைத்துவிட்டு, நெட்டி முறித்துக்கொண்டு சொன்னார்: "என்ட கலியாணத்துக்கும் நான் இவ்வளவு நேரம் பூசல்ல, அக்கா."

வாக்குமூலம்

வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம், ஒரு காலை, தெருவில் ஒரே சத்தம். முந்தின கிழமை ஒருவழியாகப் பன்னிரண்டு றாத்தல் நூலும் மஞ்சள் பொம்மையும் வாங்கிப் போயிருந்த ஆதம்பாவா தச்சர், கையில் தகர வாளி. வாளிக்குள் விரால். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. உயிரோடு கிடந்தது. வாயின் ஓரத்தில் எங்கள் மஞ்சள் பொம்மை, சிவப்புக் கண்ணோடு. சாட்சிக்காகக் கழற்றாமல் கொண்டு வந்திருந்தார். நான் திரையை மறந்து எட்டிப் பார்த்தேன். உள்ளே இவர், "என்னைக் கட்டிலோட தூக்குங்க, நான் பாக்கணும்!" என்று கத்தினார். வாளியைக் கட்டிலடிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். இவர் கையை விட்டு விராலின் தலையைத் தடவினார்.

ஆதம்பாவா வாளியோடு காக்காவின் ஆலைக்கு ஓடினார். போன வேகத்தில் திரும்பி வந்தார். முகம் கறுத்திருந்தது. காக்கா வாளிக்குள் பார்த்தாராம். "சந்தையில விரால் விக்கிற. பொம்மையும் என்ட தங்கச்சிட கடையில விக்கிற. ரெண்டையும் வாங்கி ஒண்டுட வாயில மத்தத வைக்க எனக்கும் ஏலும். பிடிபடுறத என்ட கண்ணால காணணும் எண்டுதானே நான் சொன்ன?" என்றாராம். சத்தியம் செய்தும் கேட்கவில்லையாம். ஆதம்பாவா வாளியை நிலத்தில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். "இந்த விராலே எழும்பி நிண்டு வாக்குமூலம் குடுத்தாலும் ராத்தா, நீ ஆர்ட ஆள் எண்டு அதையும் கேப்பார் உங்கட காக்கா!"

காக்கா எறிகிறார்

வெட்டு முடிந்தது. நெல் மூட்டை ஏற்றின இழுவைப் பெட்டியோடு உழவு மெசின் எங்கள் வாசலில் வந்து நின்றது. காக்கா இறங்கி வந்தார். இவர் அப்போது கம்பு ஊன்றி நாலு அடி நடக்கிற அளவுக்குத் தேறியிருந்தார். கடை வாசல் வரைக்கும் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், மூட்டைகளைப் பார்த்தார், மறுகா தன் தடிகளைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ துணிவு வந்துவிட்டது. "காக்கா, கண்ணால காணணும் எண்டு சொன்னீங்க. ஒருநாளும் குளத்துக்குப் போகாம எப்பிடிக் காணுற? நீங்களே ஒருக்கா எறிஞ்சு பாருங்க" என்றேன். காக்கா சிரித்தார். "தா. அஸருக்கு முன்னம் வந்து மூட்டைய இறக்குறன்."

எந்தத் தண்ணி என்று கேட்டேன். தன் வயல் வாய்க்கால் என்றார். கொடி மண்டின இடம். குட்டைத் தடி, விறைத்த நுனி, மொத்த நூல், மஞ்சள் மீன். சுவரிடம் கேட்காமல் நானே எடுத்துக் கொடுத்தேன். மெசின்காரர் மூட்டைகளுக்குக் கீழே நிழலில் படுத்துத் தூங்கிவிட்டார். அஸர் போனது, காக்கா வரவில்லை. மஃரிபுக்குப் பாங்கு சொல்கிற அந்தி நேரம் முழங்கால் வரைக்கும் சேறோடு வந்தார். வெறுங்கை. "பாத்தியா? கொத்தல்ல!" என்றார், வெற்றியோடு. இவர் கம்பை ஊன்றிக் கட்டிலுக்குத் திரும்பினார். மெசின்காரர் எழும்பி, "அப்ப இறக்குறதா?" என்று முதல் மூட்டையில் கையை வைத்தார்.

"பொறு" என்றார் காக்கா. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மஞ்சள் மட்டும்தான் பொய்யெண்டு ஆச்சு. நாளைக்கு இவள் தவளைய எறிஞ்சிரிந்தாப் பட்டிரிக்கும் எண்டு சொல்லுவாள். அதையும் காட்டிப் போட்டுத்தான் இறக்குவன்." அடுத்த நாள் தவளை. அதுவும் கொத்தவில்லை. அதற்கு அடுத்த நாள் வெள்ளை மீன். அன்றைக்குத் திரும்பி வந்தவருடைய குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "ஒண்டு பின்னால வந்திச்சு, புள்ள. இந்தளவு. பாத்திட்டுப் போய்ட்டு" என்றார். நூல் மொத்தமாகிப்போச்சோ என்று கேட்டார். தூறல் தொடங்கியதும் மூட்டைகள் நனையாமல் மெசினோடு ஆலைக்கே திரும்பின. காக்கா அதைக் கவனிக்கவில்லை, பச்சை மீனை வெளிச்சத்துக்குப் பிடித்து அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய், கட்டிலில் இருந்த என் கணவரின் முன்னால் விரலை நீட்டிச் சொன்னார்: "நல்லாக் கேட்டுக்கங்க மச்சான், இதில இரிக்கிற எல்லாத்தையும் ஒவ்வொண்டா எறிஞ்சு பொய்யெண்டு காட்டுற மட்டும் இந்தக் கடைய நான் மூட விடமாட்டன்!"

இவர் கொழும்பில் இருந்து புதுசு புதுசாக எடுப்பித்துக்கொண்டே இருந்தார், காக்கா காசு கொடுத்து வாங்கி எறிந்துகொண்டே இருந்தார், பல வருசத்துக்குப் பிடிபடாத விரால்களின் தயவில்தான் எங்கள் வீட்டு உலை கொதித்தது. ஆகையால் உங்கள் வீட்டு ஆம்பிளை தடியோடு வெறுங்கையாக வந்து வாசலில் ஏறினால், மீன் எங்கே என்று கேட்க முதல் ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுத்துவிடுங்கள்.